சாவு வீட்டுக் கூடமும் பந்தலும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நம்ம பக்கத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போனால் என்ன பார்க்கிறோம்? உள்ளே கூடத்தில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்கள். வெளியே பந்தலில் ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். துக்கத்துக்கு வருகிற ஆண் கையை நீட்டுவார். பறிகொடுத்தவர் அதைத் தொடுவார். அவ்வளவுதான், பேச்சு கிடையாது. இதை வைத்துத்தான் 'பொம்பளைக்கு இளகின மனசு, ஆம்பளைக்குக் கல்லு' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்தத் தொடுகையில் எவ்வளவு இருக்கிறது என்பது கையை நீட்டியவருக்குத் தெரியும்.

1983-இல் நான்சி ஐசன்பெர்க், ராண்டி லெனன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கேள்வித்தாளைக் கொடுத்து 'உங்களுக்கு இரக்கம் உண்டா' என்ற விதமாகக் கேட்டால் பெண்கள் வெகுவாக முந்தினார்கள். அடுத்தவர் படும் பாட்டைப் பார்க்கையில் இதயத்துடிப்பு போன்ற உடல் மாற்றங்களை அளந்தாலோ, ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. உள்ளே துடிப்பது ஒன்றுதான். வாய்விட்டு ஒப்புக்கொள்வதில்தான் பிரிந்துபோகிறோம்.

எங்கே பிரிந்தோம்? முட்டி சிராய்த்துக்கொண்டு வருகிற ஐந்து வயதுப் பையனிடம் "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று கேட்ட இடத்தில். அவன் அக்காவிடம் "தம்பி அழுவுறான் பாரு, தூக்கு" என்று சொன்ன இடத்தில். நம் பேச்சையே கவனியுங்கள். இரக்கமுள்ள ஆணைத் 'தாயுள்ளம் கொண்டவர்' என்கிறோம், அந்த உள்ளம் அவருடையது இல்லை என்பதுபோல. அழாத பெண்ணை நாம் ஏசுகிற ஏச்சை இந்த மேடையில் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் இது வடலூர் இருக்கிற மாவட்டம். 1867 மே மாதம் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்தவரைப் பார்த்து மனம் தாங்காமல் துடித்ததை ஊரறியச் சொன்ன ஆண் அவர். அவரைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மகனை அழாதே என்கிறோம்.

தானே புயலை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2011 டிசம்பர் 30. பண்ருட்டிப் பக்கம் எங்கள் முந்திரிக் கொல்லை ஒரே காலையில் படுத்துவிட்டது. தாத்தா வைத்த பலா மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அம்மா தெருப் பெண்களோடு உட்கார்ந்து அழுதார். அப்பா மரத்தண்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, "கோடாலியைத் தீட்டணும்" என்றார். அன்று ராத்திரி எங்களிடம் இருந்த ஒரே தார்ப்பாயைக் கொண்டுபோய், தனியாக இருந்த அடுத்த வீட்டு ஆயாவின் கூரைமேல் கட்டிவிட்டு வந்திருக்கிறார். காலையில் அம்மா தேடியபோதுதான் எங்களுக்கே தெரியும்.

அந்தத் தார்ப்பாய்க் கதையை ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும், எனக்குப் பெருமைதான். ஆனால் 1986-இல் ஆலிஸ் ஈக்லி, மவுரீன் கிரௌலி என்ற இரு ஆய்வாளர்கள் கண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். யார் அதிகம் உதவுகிறார்கள் என்று பார்த்த சோதனைகளில் ஆண்கள்தான் முந்தியிருந்தார்கள். காரணம், அந்தச் சோதனைகள் பெரும்பாலும் முன்பின் தெரியாதவருக்குச் சிறிது நேரம் உதவுவதையே அளந்தன. வீட்டுக்குள் வருஷக்கணக்கில் நடக்கும் பணிவிடை அந்தக் கணக்கில் வரவே இல்லை.

என் பாட்டி கை கால் விழுந்து ஒன்பது வருஷம் படுக்கையில் இருந்தார். புண் வராமல் இருக்க அம்மா இரவில் இரண்டு முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைப்பார். பவுடர் போடுவார், துணி மாற்றுவார். அதை யாரும் இரக்கம் என்று சொன்னதில்லை. மருமகள் கடமை என்றார்கள். பெற்ற தாய்க்காக அப்பா வாசல்வரை வந்து நிற்பார், கண் கலங்கும், திரும்பிப் போய்விடுவார். உள்ளே வந்து ஒரு கை பிடிக்க அவருக்கு யாரும் பழக்கவில்லை.

எனக்கும் பழக்கவில்லை. அந்த ஒன்பது வருஷத்தில் நான் ஒரு நாள்கூடப் பாட்டியைப் புரட்டிப் படுக்கவைத்ததில்லை.