அந்தோனியாரிடம் எதற்குக் கேட்கிறோம்?

காசிமேட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் கணவர் விசைப்படகில் போகிறவர். அவருக்காகச் செவ்வாய்தோறும் ஆர்மேனியன் தெரு அந்தோனியார் கோயிலுக்குப் போவேன். சபைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்கா, 'இயேசு இருக்கும்போது செத்துப்போனவரிடம் எதற்குக் கேட்கிறாய்?' என்கிறார். என்ன பதில் சொல்வது, ஃபாதர்?"

பதில் உங்கள் வாயிலேயே இருக்கிறது, அம்மா. ஒவ்வொரு பெயருக்கும் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லும் ஜெபமான புனிதர்களின் மன்றாட்டு மாலையைக் கவனித்துப் பாருங்கள். தந்தை, மகன், தூய ஆவி என்று வரும்வரை "எங்கள்மேல் இரக்கமாயிரும்" என்கிறோம். "புனித மரியே" என்றதும் பதில் மாறிவிடுகிறது: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." பாதித் தூக்கத்தில் இருக்கும் பாட்டிகூட அந்த இடத்தில் தவறுவதில்லை. இரக்கம் காட்டுகிறவர் ஒருவர்; அவரிடம் நமக்காகப் பேசுகிறவர்கள் மற்றவர்கள். ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதர்களுக்கு வணக்கம்: திருவுருவங்களைப் பற்றிய தகராறில், 787-இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் போட்ட கோடும் இதுதான்.

'மத்தியஸ்தர் ஒருவரே' என்று அக்கா வசனம் காட்டுவார். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம், இரண்டாம் அதிகாரம். நல்ல வசனம். அதே அதிகாரத்தின் முதல் வரியையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். எல்லாருக்காகவும் மன்றாடுங்கள் என்றுதான் பவுல் தொடங்குகிறார். படகு கரை திரும்பத் தாமதமானால் அந்த அக்காவும் உங்களுக்காக ஜெபிப்பார். இயேசு இருக்கும்போது நீங்கள் எதற்கு என்று அவரைத் தடுப்பீர்களா?

செத்துப்போனவர் என்ற பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தோனியார் 1231-இல் இத்தாலியின் பதுவை நகருக்கு அருகே இறந்தார், சரி. ஆனால் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரைச் சொல்லி, கடவுள் வாழ்வோரின் கடவுள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே!

இதைச் சொல்லும்போது நம் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு முத்தி செய்து, மெழுகுவர்த்தி ஏற்றி, இயேசு நற்கருணை அப்பமாக இருக்கும் பேழைப் பக்கம் திரும்பாமலேயே பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். "வேலை கிடைத்தால் நூறு மெழுகுவர்த்தி" என்று பேரம் பேசுகிறவர்களும் உண்டு. மீன் ஏலத்தில் செல்லும் பேச்சு அது. அக்கா பார்த்தது அவர்களைத்தானோ என்னவோ.

நீங்கள் அந்தோனியாரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். சொன்ன கையோடு பேழைக்கு முன் முழந்தாள்படியிட்டு ஒரு நிமிடம் இருங்கள். படகு புறப்படும் அன்று அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவருடைய ஜெபமும் வேண்டும்.