மாட்டிறைச்சி வேண்டாம்னுதானே சொன்னேன்?

வணக்கம் மக்களே. மணி பத்தே முக்கால். அம்மா உள் ரூம்ல படுத்துட்டாங்க, அதனால சத்தம் கம்மியாத்தான் வரும். வால்யூமைக் கொஞ்சம் ஏத்திக்குங்க.

இன்னைக்கு மத்தியானம் அம்மாவோட 60வது பிறந்தநாளுக்கு டேஸ்டிங் மெனு சாப்பிடக் கூட்டிட்டுப் போனேன். சிங்கப்பூர் தஞ்சோங் பகார் பக்கம், ஒரு பழைய கடைவீட்டு மாடி. கடை பேரு சொல்லப் போறதில்ல, ஏன்னு போகப் போகப் புரியும். ஓசிச் சாப்பாடு இல்ல, என் காசுதான். உள்ள வீடியோவும் எடுக்கல. பிறந்தநாள் அதுவுமா அம்மா வாய் பக்கத்துல கேமராவை நீட்டுற அளவுக்கு நான் இன்னும் போகல.

டேஸ்டிங் மெனுன்னா நாம ஆர்டர் பண்றதுக்கு ஒண்ணும் கிடையாது. சமைக்கிறவர் என்ன முடிவு பண்ணியிருக்காரோ அதுதான், அவர் வச்ச வரிசையில, சின்னச் சின்னத் தட்டா வரும். இன்னைக்கு எட்டு தட்டு. ஒரு தட்டு போனாத்தான் அடுத்தது. நடுவுல பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருக்கணும். எங்கம்மா 19 வருஷம் ஸ்கூல் கேண்டீன்ல வேலை பார்த்தவங்க. காலித் தட்டைப் பார்த்தா கை சும்மா இருக்குமா? முதல் தட்டு முடிஞ்சதுமே ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, துணியால மேசையையும் தொடச்சு வச்சுட்டாங்க. சாப்பாடு கொண்டு வந்த பையன், ஈப்போக்காரன், சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கே!

எம்ஆர்டி ரயில்ல போகும்போதே அம்மா கேட்டாங்க, "இது ஸ்டார் வாங்கின கடையா?"ன்னு. இல்லம்மான்னேன். மிஷலின்ங்கிற டயர் கம்பெனிக்காரங்க நல்ல உணவகங்களுக்குக் குடுக்கிறதுதான் அந்த ஸ்டார்னு சொன்னா நம்பவே இல்ல. அவங்களோட உணவகக் கையேடு சிங்கப்பூருக்கு 2016ல வந்துச்சு. அந்த முதல் வருஷமே சைனாடவுன் உணவங்காடியில இருந்த ஒரு சோயா சாஸ் கோழிச் சோத்துக் கடைக்கும் ஒரு ஸ்டார் கிடைச்சது, ஞாபகம் இருக்கும். நம்ம ஆள்னு பார்த்தா, பினாங்குல பிறந்த மனோ தேவர். 2018ல இங்க ஆரம்பிச்ச அவரோட 'தேவர்' உணவகம் 2022ல ரெண்டு ஸ்டாருக்குப் போச்சு. அங்க இன்னும் போகல, காசு சேர்த்துட்டு இருக்கேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். முதல்ல வந்தது ஒரு வாய்ல போடுற மாதிரி மூணு துணுக்கு. நண்டு வச்ச ஒரு குட்டி கிண்ணம் மட்டும் பிரமாதம், மத்த ரெண்டும் பார்க்கத்தான் அழகு. அடுத்து சவான்முஷி, ஜப்பான்காரங்க முட்டையை ஆவியில வேகவைக்கிறது. அதுல ஊத்தியிருந்த தாஷிங்கிற ஜப்பான் சாறை அம்மா ஒரு ஸ்பூன் குடிச்சுட்டு, "மாசி போட்டிருக்கான்"னு சொன்னாங்க. தாஷியில போடுற காய்ஞ்ச மீனும் நம்ம மாசிக் கருவாடும் சூரை மீனை வேகவச்சு உலர்த்தினதுதான். அந்தப் பையன் கட்சுவோபுஷின்னு அரை நிமிஷம் விளக்கினதை அம்மா ஒரே சொல்லுல முடிச்சுட்டாங்க.

ரொட்டியையும் ஒரு தனித் தட்டுன்னு கணக்கு வச்சிருந்தாங்க. சிரிக்காதீங்க, சுடச்சுட வந்த அந்தப் புளிச்ச மாவு ரொட்டியும் வெண்ணெயும்தான் இன்னைக்கு எனக்கு நம்பர் ஒன். ரெண்டாவது தரம் கேட்டா குடுப்பாங்க, காசு கிடையாது, கூச்சப்படாம கேளுங்க. மீன் தட்டுல காலா மீன், இங்க குராவ்னு வாங்குறோமே, அது. தோல் அப்பளம் மாதிரி நொறுங்குச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். முக்கியத் தட்டு வாக்யூ மாட்டிறைச்சி. நிறைய டேஸ்டிங் மெனுல இனிப்புக்கு முன்னாடி அதுதான் வரும். ஆன்லைன்ல புக் பண்ணும்போதே "மாட்டிறைச்சி வேண்டாம், ரெண்டு பேருக்கும்"னு எழுதிட்டேன். முந்தாநாள் அவங்களே போன் பண்ணிக் கேட்டாங்க, மறுபடியும் சொன்னேன். வாத்து தர்றோம்னாங்க. வாத்துதான் வந்துச்சு. மெரூன் கலர்ல, மேல தோல் பளபளன்னு. பையன் ஒரு குட்டி ஜக்குல இருந்து பழுப்பா சாஸ் ஊத்தினான். அம்மா ஒரு துண்டு வாய்ல வச்சாங்க. மென்னாங்க. அப்புறம் மேல் உதட்டையும் கீழ் உதட்டையும் ஒட்டி ஒட்டிப் பார்த்தாங்க.

"ஏம்மா, ஆட்டுக்கால் சூப் குடிச்ச மாதிரி ஒட்டுதே. வாத்து எலும்புக்கு இப்படி ஒட்டாதே?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் உள்ள போனான், வெளிய வந்தது சமையல்காரரே. நேராச் சொல்லிட்டார், அந்த ஒண்ணை ஒத்துக்கிறேன். சாஸோட அடிப்படை கன்னுக்குட்டி எலும்பு. இறைச்சியை மாத்தினாங்க, சாஸ் பழைய சாஸேதான்.

பிரெஞ்சு சமையல்ல 'ஜூ'ன்னு ஒரு சாஸ் உண்டு. எலும்பை ஓவன்ல வறுத்து, வெங்காயம், கேரட், செலரி போட்டு மணிக்கணக்காக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, சுண்ட வைப்பாங்க. கன்னுக்குட்டி எலும்புல பசை ஜாஸ்தி, அதனாலதான் சாஸ் அப்படிக் கெட்டியா, பளபளப்பா நிக்கும். ஒரே பானையில மொத்தமாக் காய்ச்சி வச்சு, கோழிக்கும் அதான், வாத்துக்கும் அதான்னு நிறைய சமையலறையில ஓடும். அவங்க மெனுல 'பீஃப்'ங்கிற சொல் வர்றது இறைச்சிக்கு மட்டும். நம்ம வீட்டுல அந்தச் சொல்லுக்கு மொத்த மாடும் அடக்கம், இல்லையா?

அம்மா ஸ்பூனைக் கீழ வச்சாங்க. தண்ணி குடிச்சாங்க. "கன்னுக்குட்டியா"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க, என்னைப் பார்த்து இல்ல, தட்டைப் பார்த்து. நான் அங்கேயே கத்தியிருப்பேன். அம்மா என் கையைப் புடிச்சு, "தெரியாமச் சாப்பிட்டதுதானே, முருகன் பார்த்துப்பான்"னாங்க. சமையல்காரர் குனிஞ்சு "சாரி ஆன்ட்டி"ன்னு ரெண்டு தரம் சொன்னார். புதுசா ரெண்டு தட்டு மீன் செஞ்சு குடுத்தாங்க. நல்லாத்தான் இருந்திருக்கும். எனக்கு ருசி தெரியல.

அதனால நம்ம ஆளுங்களுக்குச் சொல்றேன், மாட்டிறைச்சி வேண்டாம்னு மட்டும் எழுதினா பத்தாது. சாஸ், ஸ்டாக்ங்கிற எலும்புச் சாறு, கொழுப்பு, மூணையும் பேரு சொல்லிக் கேளுங்க. மாட்டுக் கொழுப்புல உருளைக்கிழங்கு வறுக்கிறவங்க இருக்காங்க, அந்தக் கொழுப்பை வெண்ணெய்ல கலக்குறவங்களும் இருக்காங்க. சைவம் சாப்பிடுறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். தாஷியில மீன் இருக்கு, கடற்பாசி மட்டும் போட்டுச் செய்யச் சொல்லலாம். இத்தாலி பார்மிஜியானோ சீஸுக்குப் பாலைத் திரிய வைக்கிறதே கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரென்னெட்தான், விதியே அப்படி. கடைசியில காப்பியோட வர்ற ஜெல்லி மிட்டாய்ல ஜெலட்டின் இருக்கலாம், அது பன்றியா மாடான்னு கேட்டாத்தான் தெரியும். முஸ்லிம் நண்பர்களுக்கு நான் சொல்லணுமா, நீங்க எப்பவோ கேட்டுப் பழகினவங்க.

பில்லையும் சொல்லிடுறேன். மெனுல ஆளுக்கு 248 சிங்கப்பூர் வெள்ளி, பிளஸ் பிளஸ், அதாவது சேவைக் கட்டணமும் வரியும் தனி. தண்ணி ஆளுக்கு 8. ரெண்டு பேருக்கு 512 ஆச்சா? அதுமேல 10 விழுக்காடு சேவைக் கட்டணம். அந்தக் கூட்டுத்தொகை மேல 9 விழுக்காடு ஜிஎஸ்டி. மொத்தம் 613 வெள்ளி 89 காசு. பிளஸ் பிளஸ்னு பார்த்தா விலையில அஞ்சுல ஒரு பங்கைக் கூட்டிக்குங்க, கணக்கு ஏறக்குறைய சரியா வரும். குழாய்த் தண்ணி கேட்டேன், தர்றதில்லையாம். இந்த ஊர்ல! வாத்துக்காக எதுவும் கழிக்கல. ஒரு டப்பா சாக்லேட் குடுத்தாங்க. கழிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம், அந்த நேரத்துல வாய் வரல.

வயிறு நிறையாதுன்னு எல்லாரும் சொல்வாங்களே, அது பொய். கலமான்சி எலுமிச்சை ஐஸும் குலா மலாக்கா வெல்லத்துல செஞ்ச இனிப்பும் வர்றப்போ என்னால முடியல. அம்மா ரெண்டையும் வழிச்சுச் சாப்பிட்டாங்க, முன்னாடியே "ஜெலட்டின் இருக்கா?"ன்னு அந்தப் பையன்கிட்ட இங்கிலீஷ்ல அவங்களே கேட்டுட்டு. அந்தச் சொல்லை அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் என்கிட்ட கத்துக்கிட்டாங்க.

பஸ்ல வரும்போது ஒண்ணுதான் சொன்னாங்க. "பாவம் அந்தப் பையன், இன்னைக்கு அவனுக்குத்தான் திட்டு விழுந்திருக்கும்." கடைக்கு எழுதப் போற மெயில்ல அவனைப் பத்தி நல்லதா ஒரு வரி சேர்க்கணுமாம். சேர்த்துட்டேன். மிச்ச வரியெல்லாம் சாஸைப் பத்தித்தான்.

ம்... ரூம்ல லைட் எரியுது. எழுந்துட்டாங்க போல. வைக்கிறேன் மக்களே.