புது பிக்கப்பில் செக் எஞ்சின் லைட்: கோளாறு எண்ணை அழிக்கும் முன் படியுங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு கேமரா டேஷ்போர்டு மேல் இல்லை, பானெட்டுக்குள் வைத்திருக்கிறேன். இது நம்ம டீசல் பிக்கப்தான். வாங்கி ஐந்து மாதம் ஆகிறது, ஓடியது 11,000 கிலோமீட்டர்கூட இல்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி, திண்டுக்கல்லுக்குச் சின்ன வெங்காயம், நடுவில் கிடைக்கிற வாடகை. இதுதான் இதன் வேலை.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை லோடோடு வந்துகொண்டிருந்தேன். மீட்டரில் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் எரிய ஆரம்பித்தது. வண்டி இழுவையில் குறையில்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் லைட் எரிகிறது. தவணை இன்னும் 43 மாதம் பாக்கி இருக்கிற வண்டியில் அந்த விளக்கைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். வண்டி வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது தெரியும்.

மார்க்கெட்டில் இறக்கிவிட்டு நின்றபோது தெரிந்த அண்ணன் ஒருவர் வந்தார். "தம்பி, பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பத்து நிமிஷம் விடுங்க, அணைஞ்சுரும்" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். நானும் கழற்றினேன். லைட் அணைந்தது. மூன்றாம் நாள் திரும்ப எரிந்தது.

நான் செய்த அந்த ஒரு வேலையைப் பற்றித்தான் இந்த வீடியோ. லைட் எரியும்போது வண்டியின் கணினி சும்மா விளக்கை மட்டும் போடுவதில்லை. எந்தக் கோளாறு என்று ஒரு எண்ணை எழுதி வைக்கிறது, அதைத்தான் கோடு (code) என்கிறோம். அந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு பாரம் இழுத்தது, கூலன்ட் சூடு எவ்வளவு என்பதையும் ஒரு போட்டோ எடுத்த மாதிரி சேர்த்து வைக்கிறது. இதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். டெர்மினலைக் கழற்றியதும் அத்தனையும் போய்விட்டது. நோய் அப்படியே இருக்கிறது, நோயாளி சொன்ன வாக்குமூலத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்று நாள் வீண்.

இரண்டாம் முறை எரிந்ததும் தொடவில்லை. ஸ்கேனர் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்குகிற புளூடூத் கருவிதான், போனில் ஒரு ஆப் போட்டால் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பாருங்கள், 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி சாக்கெட் என்பது அதுதான். ஓபிடி என்றால் வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்கிற ஏற்பாடு. அமெரிக்காவில் 1996 முதல் விற்ற எல்லா கார்களிலும் சின்ன டிரக்குகளிலும் இது கட்டாயம். நம் நாட்டில் ஓபிடி முதல் கட்டம் 2010இல் வந்தது, இரண்டாம் கட்டம் 2013இல். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புகை சம்பந்தமான சென்சார்கள் கூடிவிட்டன. பழைய வண்டியில் மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுச் சொன்னதை, இப்போது பாதியாவது ஸ்கேனர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சாக்கெட்டின் 16ஆம் பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி கரன்ட் இருக்கும். ஸ்கேனரை மாட்டியபடியே வண்டியை நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள், பேட்டரி இறங்கிவிடும்.

சரி, ஸ்கேனர் காட்டியது பி2453 (P2453). முதல் எழுத்து பி என்றால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த பகுதி. பி என்றால் எல்லாம் எஞ்சின் போச்சு என்று பயப்பட வேண்டாம். அடுத்த எண் 0 அல்லது 2 என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு, 1 என்றால் அந்தக் கம்பெனி தனியாக வைத்துக்கொண்டது. பி2453க்கு அர்த்தம், டிபிஎஃப்பின் அழுத்த வேறுபாட்டு சென்சார் தருகிற கணக்கு பொருந்தவில்லை என்பது.

டிபிஎஃப் என்பது டீசல் புகையில் வருகிற கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி. காபி ஃபில்டர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நிறைய கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே கொஞ்சம் அதிக டீசலைச் செலுத்தி, ஏறக்குறைய 600 டிகிரி வரை சூடாக்கி, அந்தக் கரியை எரித்துவிடும். எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? வடிகட்டிக்கு முன்னால் ஒரு சின்னக் குழாய், பின்னால் ஒரு சின்னக் குழாய், இரண்டும் ஒரு சென்சாருக்குப் போகின்றன. முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் வித்தியாசம் கூடினால் அடைப்பு கூடுகிறது என்று அர்த்தம்.

இந்தக் கோடை எடுத்துக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனேன். டிபிஎஃப் என்ற சொல்லைப் பார்த்ததுமே, "அடைச்சிருச்சு. கழற்றிக் கழுவணும், 18,000 ஆகும்" என்றார்கள். இன்னொரு இடத்தில் அதையே எடுத்துவிட்டு வெறும் பைப் போட்டுவிடலாம் என்றார்கள். அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். வாரண்டி போகும், சட்டப்படியும் தவறு. அதைவிட முக்கியம், நம் வண்டிக்குப் பின்னால் டூவீலரில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து ஒருவர் வருவார். அந்தக் கரி நேராக அந்தக் குழந்தையின் நெஞ்சுக்குப் போகும். இதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். கோடு வடிகட்டி அடைத்துவிட்டது என்று சொல்லவில்லை. கரி அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது என்றால் வர வேண்டியது பி2463. எனக்கு வந்தது 2453. ஒரே ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் ஒன்று வடிகட்டியைப் பற்றிப் பேசுகிறது, இன்னொன்று வடிகட்டியை அளக்கிற கருவியைப் பற்றிப் பேசுகிறது. காய்ச்சல் இருக்கிறது என்பதும் தெர்மாமீட்டர் சரியில்லை என்பதும் ஒன்றா? அதனால் கோடை யாராவது வாயால் சொன்னால் நம்பாதீர்கள். திரையை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறந்தேன். வேகம் 58 கிலோமீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 2,450 சுற்று, பாரம் 91 சதவீதம், கூலன்ட் 86 டிகிரி. எனக்கு உடனே இடம் நினைவுக்கு வந்துவிட்டது. முழு லோடோடு மேம்பாலம் ஏறிய இடம் அது. அந்த நேரத்தில் புகை அழுத்தம் நன்றாக ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் இருந்தால்தான் கணினிக்குச் சந்தேகம் வரும்.

அதை நேரில் பார்க்க, சென்சார்கள் அந்தந்த நொடியில் தருகிற எண்ணைக் காட்டும் லைவ் டேட்டா ஆப்பில் இருக்கிறது. சாவியை மட்டும் ஆன் செய்து, எஞ்சினை எழுப்பாமல் அழுத்த வேறுபாட்டைப் பார்த்தேன், 0. சரிதான், எஞ்சின் ஓடாதபோது 0 தான் காட்ட வேண்டும். ஓடாதபோதே ஏதாவது ஒரு எண் காட்டினால் சென்சார் மேலேயே சந்தேகப்படலாம். எஞ்சினை எழுப்பினேன், ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, 0. ஐடிலில் அது குறைவாகத்தான் இருக்கும், பரவாயில்லை. மெதுவாக ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனேன். அப்போதும் 0, அசையவே இல்லை.

இங்கேதான் விஷயம் பிடிபட்டது. வடிகட்டி அடைத்திருந்தால் அழுத்தம் எகிற வேண்டும். 0 காட்டுகிறது என்றால் அழுத்தம் சென்சாருக்குப் போய்ச் சேரவில்லை. ஒன்று வயர், இல்லை சென்சார், இல்லை அந்த ரப்பர் குழாய்.

எஞ்சின் ஆறட்டும் என்று இரண்டு மணி நேரம் விட்டேன். டிபிஎஃப் பக்கம் சூட்டோடு கையை விட்டால் தோல் உரிந்துவிடும். அப்புறம் டார்ச் எடுத்துக்கொண்டு குனிந்தேன். இதோ, கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன், பாருங்கள். இதுதான் சென்சார், தீப்பெட்டி அளவுதான் இருக்கும். இதற்கு வருகிற இரண்டு குழாயில் முன்பக்கக் குழாய் இது. பழைய குழாயைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், கையில் காட்டுகிறேன். இந்த வளைவுக்கு உள்பக்கம் பாருங்கள். இரண்டு இரண்டாகப் பல் தடம். குழாயில் சுண்டுவிரல் நகம் அளவு ஓட்டை. ஓட்டையைச் சுற்றி மை பூசிய மாதிரி கரி. புகை இந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதுதான் சென்சாருக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

எலிதான். எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் கையை விட்டபோது ஒரு கைப்பிடி வெங்காயச் சருகு வந்தது. நான் ஏற்றுகிற லோடின் வாசனைக்கு வந்து, ராத்திரி எஞ்சின் கதகதப்பில் கூடு கட்டியிருக்கிறது. தானியம், கருவாடு, காய்கறி ஏற்றுகிறவர்கள் எல்லாரும் வாரம் ஒரு தடவையாவது பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன், எலி கடித்தது வாரண்டியில் வராது என்றார்கள். குழாயும் கிளிப்பும் சேர்த்து 640 ரூபாய். மாற்ற இருபது நிமிடம். கடையில் கிடைக்கிற சாதாரண டீசல் குழாயை வெட்டிப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே இருக்கிற சூட்டுக்கு அது இளகிவிடும். அந்த வண்டிக்கென்று வருகிற சூடு தாங்கும் குழாயைத்தான் போட வேண்டும். மேலே ஒரு கம்பி வலை உறையும் போட்டிருக்கிறேன், இதோ தெரிகிறதா?

எனக்கு எலி, உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும். புது பிக்கப்பில் அடிக்கடி நடக்கிற இன்னொன்று, வண்டி எடுத்ததும் பின்னால் லோடுக்குக் கம்பிக் கூண்டு கட்டப் போகிறோமே, அங்கே. பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் அந்தக் கரன்ட் சென்சார் வயர், கணினி வரைக்கும் போய்ப் பதம் பார்க்கலாம். கூண்டு கட்டும் இடத்தில் நீங்களே பக்கத்தில் நின்று நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள், எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். கம்பெனி வேறு ஏதாவது கழற்றச் சொல்லியிருந்தால் அதையும் கழற்றுங்கள். (டெர்மினலைக் கழற்றாதே என்று முதலில் சொன்னது கோடை அழிக்கிறதுக்காக. இது வேறு.) அதே மாதிரி கூடுதல் லைட், ஹாரன், ஜிபிஎஸ் மாட்டும்போது கிடைத்த வயரை உரித்து முறுக்குகிற பழக்கம். அதிலும் லைட் எரியும்.

பெட்ரோல், சிஎன்ஜி பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். லைட் நின்று எரிந்தால் கொஞ்சம் நேரம் இருக்கிறது. விட்டு விட்டு மின்னினால் ஓரமாக நிறுத்துங்கள். சிலிண்டர் ஒன்று சரியாக எரியாமல் பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். புகையைச் சுத்தம் செய்கிற கேடலிடிக் கன்வெர்ட்டர் சூட்டில் வெந்துவிடும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, கடைசி எண்ணைப் பார்த்தாலே தெரியும். சிவப்பு நிறத்தில் ஆயில் விளக்கோ டெம்பரேச்சர் விளக்கோ வந்தால், எந்த வண்டியானாலும், ஸ்கேனர் தேடாதீர்கள். முதலில் எஞ்சினை அணையுங்கள்.

டீசல்காரர்களுக்கு, டிபிஎஃப் விளக்கு தனியாக எரிந்தால் அது பெரும்பாலும் பழுது இல்லை. கரியை எரிக்க நேரம் கொடு என்று வண்டி கேட்கிறது. தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நாலு கிலோமீட்டர், அஞ்சு கிலோமீட்டர் நடை மட்டும் அடித்தால் எரிக்கிற அளவு சூடு ஏறாது. கையேட்டில் சொன்ன வேகத்தில், சொன்ன நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள். அந்த நேரம் ஐடில் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், சூட்டு வாடை வரும். அப்படி இருக்கும்போது களத்துமேட்டில் வைக்கோல் மேலே, காய்ந்த புல் மேலே மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள். அடியில் இருக்கிற சூட்டுக்குப் பற்றிக்கொள்ளும்.

இப்போது என் வண்டிக்கு வருகிறேன். குழாய் மாற்றியதும் ஸ்கேனரில் பார்த்தேன். அழுத்த வேறுபாடு ஐடிலில் 0.4 கிலோபாஸ்கல், 2,500 சுற்றில் 2.1. மிதித்தால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. அந்த எண் அசைந்ததைப் பார்த்தபோது எனக்கு மூச்சு வந்தது. லைட் மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஆப்பில் அழிக்கிற பொத்தான் இருக்கிறது, அதை நான் தொடவில்லை. கோளாறு உண்மையிலேயே போய்விட்டதென்றால், வண்டி தானே சோதித்து, தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் சரியாக இருந்தால் தானே விளக்கை அணைக்கும். கோடு மட்டும் கொஞ்ச நாள் நினைவில் இருந்துவிட்டு அதுவும் போகும்.

முதல் நாள் மதுரைக்குத் தக்காளி லோடு. எரிந்தது. அடுத்த நாள் திண்டுக்கல்லுக்கு வெங்காயம், அப்போதும் எரிந்தது. அதற்கு அடுத்த நாளும் எரிந்தது. நாலாம் நாள் விடியற்காலை மூன்றரை மணி, சாவியைப் போட்டேன். எப்போதும் போல எல்லா விளக்கும் ஒருமுறை வந்தது. எஞ்சினை எழுப்பினேன். ஒவ்வொன்றாக அணைந்தது, அந்த மஞ்சள் விளக்கும்.

உங்கள் வண்டியில் லைட் எரிந்தால், கோடு தெரிகிற திரையையும் ஃப்ரீஸ் ஃப்ரேம் திரையையும் போட்டோ எடுத்து, கிலோமீட்டரோடு எனக்கு அனுப்புங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இப்போது மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன்.