பெட்டியைப் பார்க்காதீர்கள், சிப்பைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மாடி அறைக்கு வைஃபை சரியாக எட்டாத வீட்டில் இருப்பவர்களுக்கு நான் பேசப்போவது உடனே விளங்கும். நடுவே இரண்டு கான்கிரீட் சுவர், சுற்றிலும் அண்டை வீட்டு வைஃபைகளின் நெரிசல். டேப்லெட்டில் பேசிக்கொண்டிருப்பவரின் முகம் பாதி வார்த்தையில் அப்படியே நின்றுவிடுகிறது. லேன் கேபிளை நேராகச் செருகிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் டேப்லெட், ஸ்டீம் டெக் போன்ற கையடக்கக் கணினிகளில் அந்தக் கேபிளுக்கான துளையே கிடையாது. அதனால் யூஎஸ்பி வழியாகச் செருகும் ஈதர்நெட் அடாப்டர் ஒன்று வேண்டும்.

கடைக்குப் போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், பிறகு வேகத்தைக் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: உள்ளே இருப்பது என்ன சிப்?

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் டேப்லெட்டில் இணைய வகுப்பு எடுப்பவர். ஓர் அடாப்டர் வாங்கினார். செருகியதும் வேலை செய்தது. தங்கையிடமும் அதே டேப்லெட் இருந்ததால், சில மாதங்கள் கழித்து அதே கடையில் அதே பெட்டியை வாங்கிக் கொடுத்தார். விளக்கு மட்டும் எரிந்தது, இணையம் வரவில்லை. கடைக்காரர் டேப்லெட்டில்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னார். தங்கையின் டேப்லெட்டில் அக்காவின் அடாப்டரைச் செருகினால் வேலை செய்கிறது! பிறகு இரண்டையும் லினக்ஸ் இயங்குதளம் உள்ள ஒரு கணினியில் செருகிப் பார்த்தபோது குட்டு உடைந்தது. உள்ளே இருந்தவை வெவ்வேறு நிறுவனங்களின் சிப்புகள். மூட்டையில் ஒரே மார்க், உள்ளே வேறு அரிசி.

இது ஏதோ ஒரு கடையில் மட்டும் நடப்பதல்ல. டி-லிங்க் நிறுவனத்தின் டியூபி-இ100 என்ற பழைய அடாப்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் டிரைவரில், அதாவது சிப்போடு கணினி பேச உதவும் மென்பொருளில், அந்த ஒரே பெயர் பல முறை வருகிறது. ஒரு பதிப்பில் இருப்பது ஏஎக்ஸ்88172 சிப்; பி1 என்ற பதிப்பில் ஏஎக்ஸ்88772. இரண்டும் ஏசிக்ஸ் என்ற தைவான் நிறுவனத்தின் சிப்புகள்தான். அடாப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சின்னத் தாளில் ஹார்டுவேர் வெர்ஷன் என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சிப் ஏன் இவ்வளவு முக்கியம்? கணினி அந்தச் சிப்போடு பேச டிரைவர் வேண்டும். விண்டோஸ் என்றால் பிறகு இறக்கிக்கொள்ளலாம். (இணையம் வராத கணினியில் எப்படி இறக்குவது என்று கேட்காதீர்கள், பென் டிரைவ் இருக்கிறது.) ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அப்படி முடியாது. தயாரித்த நிறுவனம் எந்த டிரைவர்களைச் சேர்த்து அனுப்பியதோ, அவ்வளவுதான். ஆகவே மறுபடியும் சொல்கிறேன், சிப்பைக் கேளுங்கள். ஏசிக்ஸ் ஏஎக்ஸ்88772, ஏஎக்ஸ்88179. ரியல்டெக் ஆர்டிஎல்8152, ஆர்டிஎல்8153. பரவலாகக் கிடைப்பவை இவை. ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸில் இவற்றுக்கு டிரைவர் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஏஎக்ஸ்88179க்கு 2013லேயே வந்துவிட்டது. உங்கள் டேப்லெட்டில் அது சேர்க்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும், வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் சிப்பின் பெயர் இல்லாவிட்டால், வேறொரு கணினியில் செருகி, அது காட்டும் யூஎஸ்பி அடையாள எண்ணைப் பாருங்கள். பூஜ்யம், பி, ஒன்பது, ஐந்து என்று தொடங்கினால் ஏசிக்ஸ். பூஜ்யம், பி, டி, ஏ என்றால் ரியல்டெக். விளக்கு எரிகிறதே என்று மகிழாதீர்கள். மின்சாரம் வந்ததற்கு மட்டுமே அது அத்தாட்சி.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். உங்கள் வீட்டு இணையத் திட்டம் 100 மெகாபிட் என்றால் 100 மெகாபிட் அடாப்டரே போதும். டேப்லெட்டில் இருப்பது யூஎஸ்பி 2.0 துளை என்றால் அதன் ஏட்டளவு உச்சமே 480 மெகாபிட்தான்; 1,000 என்று அச்சிட்ட அடாப்டருக்குக் கூடுதல் காசு கொடுத்தாலும் அந்த முழு வேகம் கிடைக்காது. அது மின்சாரத்தையும் கூடுதலாகக் குடிக்கும்.

மின்சாரம் என்றதும் நினைவுக்கு வருகிறது, அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய மைக்ரோ யூஎஸ்பி டேப்லெட் என்றால், பிற கருவிகளை அதனோடு இணைப்பதற்கான ஓடிஜி கேபிள் கட்டாயம். சாதாரண கேபிளில் செருகினால், அடாப்டருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டியது தானே என்பது டேப்லெட்டுக்குத் தெரியாது. இவற்றில் பலவற்றில் அடாப்டர் செருகியிருக்கும்போது சார்ஜ் ஏறாது; வகுப்புக்கு முன்பே முழுதாக ஏற்றிவிடுங்கள். டைப்-சி துளை ஒன்றே ஒன்று உள்ள கணினி என்றால், சார்ஜரையும் சேர்த்துச் செருக இடமுள்ள அடாப்டராக வாங்குங்கள். லேன் கேபிள் கேட் 5இ வகை போதும், 100 மீட்டர் வரை தாங்கும். வணக்கம்.