பன்றி பாலம் கடந்தால்

வணக்கம் நேயர்களே. பக்கத்தில் யாரும் இல்லையே? அப்படியானால் உதட்டை நன்றாகக் குவித்து, குவித்தபடியே 'எ' என்று சொல்லுங்கள். வந்ததா? இன்னொரு முறை. நம் எழுத்தில் இல்லாத அந்த உயிரொலி டேனிஷ் மொழியில் உண்டு. அதோடு ஒரு 'ஃப்' சேர்த்தால் 'எஃப், எஃப்'. டென்மார்க்கின் பன்றி பேசிவிட்டது! மனிதரைவிடப் பன்றிகள் அதிகமுள்ள நாடு அது; அவர்கள் காதைக் குறை சொல்ல முடியாது.

கோபன்ஹேகனிலிருந்து, 2000-இல் திறந்த பாலம் வழியாகச் சுவீடனின் மால்மோவுக்குப் போங்கள். அங்கே பன்றி 'நெஃப், நெஃப்' என்கிறது. பாலம் கடந்ததும் முன்னால் ஒரு 'ந்' முளைத்துவிட்டது! நார்வேப் பன்றிக்கும் அந்த 'ந்' உண்டு. பால்டிக் கடலுக்குத் தெற்கே, போலந்தில் இறங்கினால் 'ஹ்ரும், ஹ்ரும்'. கத்துவது ஒரே பன்றிதான். எந்த மொழியில் என்ன ஒலி கைவசம் இருக்கிறதோ அதை வைத்துத்தானே எழுத முடியும்?

இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்பார்கள். நான் விடமாட்டேன். கடுங்குளிரில் பனிமேல் நடந்தால் காலடியில் ஒரு சத்தம் எழும். சுவீடன்காரருக்கு அது 'க்னார்'. போலந்துக்காரருக்கு 'ஸ்க்ஷிப்'. பழைய கதவும் ஸ்க்ஷிப், மரப்படியும் ஸ்க்ஷிப். சரி, வயலினுக்குப் போலிஷில் என்ன பெயர் தெரியுமா? 'ஸ்க்ஷிப்த்ஸெ'. ஆமாம், அதே வேர்தான்! கதவின் கிறீச்சொலிக்குப் பங்காளியான பெயரோடுதான் அங்கே கச்சேரி மேடையேறுகிறது. வீட்டில் பிள்ளை புதிதாக வயலின் பழகினால், பெயர் வைத்தவரை நீங்களே பாராட்டுவீர்கள்.

பெருவாத்து கத்துவதைப் போலந்தில் 'கெங்காச்' என்பார்கள். 1562-இல் மிகோவாய் ரெய் என்ற கவிஞர், போலந்தியர் வாத்துகள் அல்லர், அவர்களுக்குச் சொந்த மொழி உண்டு, அயலார் அறியட்டும் என்று எழுதினார். லத்தீனில் எழுதினால்தான் மதிப்பு என்றிருந்த காலம். அந்த லத்தீனைத்தான் வாத்தின் பேச்சு என்று குத்திக்காட்டினார் என்பது அந்த வரிக்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் அந்த வரி மனப்பாடம்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். தவளைக்கென்று தனியாக நேரம் ஒதுக்கியிருந்தேன், போயிற்று. சுருக்கமாக: ஜூன் மாதக் கோடைவிழாவில் சுவீடன்காரர்கள், பெரியவர்களும்தான், கம்பத்தைச் சுற்றித் தவளைபோல் குதித்துக்கொண்டே 'கோ-ஆக்-ஆக்-ஆக்' என்று பாடுவார்கள். போலந்துத் தவளை 'கும், கும்'. சேவலுக்கு இன்னொரு நாள் கூப்பிடுங்கள். வணக்கம்.