டாகலியில் தொடங்கி லம்தாரா வரை: குதிரைப் பந்தயப் புதிர்க் கேள்விகளை அவிழ்ப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தை வென்ற சாம்பல் நிறப் பெண் குதிரை எது? பந்தய ரசிகர்கள் நாலைந்து பேர் கூடி வினாடி வினா ஆடும் மேசையில் இந்தக் கேள்வி விழுந்தால், முதலில் எல்லோரும் விழிப்பார்கள். 1780-இல் டயோமெட் வென்றதிலிருந்து எண்ணினால் வெற்றிக் குதிரைகள் இருநூறைத் தாண்டும். அத்தனை பெயரையும் உருப்போட வேண்டியதில்லை. டெர்பியைப் பெண் குதிரைகள் வென்றது ஆறே முறை: 1801 எலனர், 1857 பிளிங்க் பானி, 1882 ஷாட்டோவர், 1908 சிக்னொரினெட்டா, 1912 டாகலி, 1916 ஃபிஃபினெல்லா. சாம்பல் நிறக் குதிரைகள் அதைவிடக் குறைவு: 1821 கஸ்டேவஸ், 1912 டாகலி, 1936 மஹ்மூத், 1946 ஏர்போர்ன். ஒருவர் முதல் பட்டியலை எழுதட்டும், இன்னொருவர் இரண்டாவதை எழுதட்டும். இரண்டிலும் இருக்கிற பெயர் டாகலி மட்டும்தான்.

கடினமான கேள்வி என்று நாம் மலைப்பவற்றில் பெரும்பாலானவை இப்படி இரண்டு சின்னப் பட்டியல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் இருக்கின்றன. அதனால் பெரிய பட்டியலை விட்டுவிட்டுச் சின்னப் பட்டியல்களைச் சேர்த்து வையுங்கள். அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்ற குதிரைகள் 1919-இன் சர் பார்ட்டன் முதல் 2018-இன் ஜஸ்டிஃபை வரை பதின்மூன்று. அவற்றில் தகப்பனும் மகனுமாக வென்றது ஒரே ஜோடி: 1930 கேலன்ட் ஃபாக்ஸ், 1935 ஒமாஹா. ஜாக்கி லெஸ்டர் பிகட் டெர்பியை வென்றது ஒன்பது முறை; 1954-இல் நெவர் சே டை, கடைசியாக 1983-இல் டீனோசோ. டெர்பி சமநிலையில் முடிந்தது இரண்டே தடவை, 1828-இலும் 1884-இலும். முதல் தடவை இரண்டு குதிரைகளையும் மறுபடி ஓடவிட்டார்கள், கேட்லண்ட் வென்றது. இரண்டாம் தடவை பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். இவ்வளவையும் ஒரு தாளின் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். கேள்வி தயாரிப்பவர்களும் திரும்பத் திரும்ப இந்தப் பக்கத்துக்குத்தான் வருகிறார்கள்.

குழுவாக ஆடும்போது நாலு பேர் போதும். ஒருவர் பந்தய முடிவுகளுக்கு, ஒருவர் ஜாக்கி, பயிற்சியாளர், உரிமையாளர்களுக்கு, ஒருவர் வம்சாவளிக்கு, ஒருவர் விதிகளுக்கும் பழைய வரலாற்றுக்கும். கேள்வியை முதல் தடவை படிக்கும்போது யாரும் விடை சொல்லக் கூடாது. கேள்வியில் இருக்கிற கட்டுப்பாட்டுச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த நாடு, எந்த மைதானம், எந்த ஆண்டு, 'முதல்' என்கிறார்களா, 'கடைசி' என்கிறார்களா. இரண்டாம் தடவை படித்ததும் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு துண்டுத் தாளில் எழுதிவிட்டு, பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் நடப்பது இதுதான்: குரல் உயர்ந்தவர் ஒரு பெயரைச் சொல்வார், மற்ற மூவரின் நினைவும் அந்தப் பெயரைச் சுற்றியே ஓடும். சரியான விடையைத் தெரிந்தவர்கூடச் சந்தேகப்பட்டு விட்டுக்கொடுத்துவிடுவார்.

அடுத்தது கேள்வியின் வாசகம். 1913 டெர்பியில் 'முதலில் கோட்டைக் கடந்த குதிரை எது' என்றால் விடை கிராகனூர். 'வென்ற குதிரை எது' என்றால் அபோயர். கிராகனூரை நடுவர்கள் தகுதி நீக்கம் செய்ததால், ஒன்று கட்டினால் நூறு கிடைக்கும் என்ற பந்தய விலையில் ஓடிய அபோயருக்கு வெற்றி போனது. பெண்கள் வாக்குரிமைப் போராளி எமிலி டேவிசன் மன்னரின் குதிரையான ஆன்மர் முன் பாய்ந்ததும் அதே பந்தயத்தில்தான், அதனால் 1913 என்றதும் எல்லோர் மனமும் அங்கே போய்விடுகிறது. 1844-இலும் இதே கதை. முதலில் வந்த ரன்னிங் ரெய்ன் உண்மையில் நாலு வயதுக் குதிரை என்று பின்னால் தெரிந்தது. டெர்பி மூன்று வயதுக் குதிரைகளுக்கான பந்தயம் ஆயிற்றே! வெற்றி ஆர்லாண்டோவுக்கு மாறியது. வயது பற்றிய கேள்வி வந்தால் இன்னொன்றையும் பாருங்கள். வடகோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1-இல் ஒரு வயது கூடும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆகஸ்ட் 1-இல்.

மைதானத்தைக் கேட்டால் உலகப் போர் ஆண்டுகளை உடனே நினைத்துப் பாருங்கள். 1915 முதல் 1918 வரையும், 1940 முதல் 1945 வரையும் டெர்பி அதன் வழக்கமான மைதானமான எப்சமில் ஓடவில்லை, நியூமார்க்கெட்டில் ஓடியது. அதனால் டெர்பியை வென்ற கடைசிப் பெண் குதிரையான ஃபிஃபினெல்லாவின் வெற்றி எப்சமில் நடந்ததல்ல. 'எப்சமில் டெர்பி வென்ற கடைசிப் பெண் குதிரை' என்று கேட்டால் விடை மறுபடியும் டாகலிதான். ஒரே ஒரு ஊர்ப் பெயர் விடையை மாற்றிவிடுகிறது. தூரத்திலும் அப்படி ஒன்று உண்டு. டயோமெட் ஓடியது ஒரு மைல். ஒன்றரை மைல் ஆனது 1784-இல்.

இனி வம்சாவளி. சென்னை கிண்டிப் பந்தய மைதானத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இது புதிதல்ல. ரேஸ் புத்தகத்தில் ஒவ்வொரு குதிரையின் பெயரோடும் தகப்பன், தாய் பெயர்கள் அச்சாகியிருக்கும். கேள்வி தயாரிப்பவருக்கு அதுதான் சுரங்கம். பெயர்களே பல நேரம் துப்புத் தரும். பாலினீஷியன் என்ற தகப்பனுக்கும் கெய்ஷா என்ற தாய்க்கும் பிறந்தது நேட்டிவ் டான்சர். 22 பந்தயங்களில் 21-ஐ வென்ற அந்தக் குதிரை தோற்றது 1953 கென்டக்கி டெர்பியில் மட்டும், டார்க் ஸ்டாரிடம்.

ஒரு கேள்வியை முழுதாக அவிழ்த்துப் பார்ப்போம். 'தன் மூதாதை வைத்திருந்த டெர்பி சாதனை நேரத்தை 59 ஆண்டுகள் கழித்து முறியடித்த குதிரை எது? அதன் தாய் எந்தப் பெரும் பந்தயத்தை வென்றது?'

முதலில் நேரத்தைப் பிடியுங்கள். ஆகா கான் மூன்றாமவரின் மஹ்மூத் 1936-இல் 2 நிமிடம் 33.8 வினாடியில் டெர்பியை முடித்தது. அதனுடன் 59-ஐக் கூட்டினால் 1995. அந்த ஆண்டு லம்தாரா 2 நிமிடம் 32.31 வினாடியில் வென்றது. இப்போது வம்சாவளிக்காரர் சரிபார்க்க வேண்டும். மஹ்மூத் 1940-இல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. அங்கே பிறந்த அதன் மகள் அல்மஹ்மூத். அல்மஹ்மூத்துக்கும் நேட்டிவ் டான்சருக்கும் பிறந்தது நடால்மா. நடால்மாவின் மகன் 1964 கென்டக்கி டெர்பியை வென்ற நார்தர்ன் டான்சர். அதன் மகன் நிஜின்ஸ்கி, 1970-இல் இங்கிலாந்தின் 'மூன்று முடிகள்' எனப்படும் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது. நிஜின்ஸ்கியின் மகன்தான் லம்தாரா. சங்கிலி பொருந்துகிறது, முதல் பாதி முடிந்தது.

தாய் ஸ்னோ பிரைடு. அது வென்றது பெண் குதிரைகளுக்கான 1989 ஓக்ஸ் பந்தயத்தை. இங்கேதான் பாதிப் பேர் தடுமாறுவார்கள். அன்று முதலில் வந்தது அலிசா. ஊக்கமருந்துச் சோதனைக்குப் பிறகு அது தகுதி நீக்கம் செய்யப்பட்டு, வெற்றி ஸ்னோ பிரைடுக்கு வந்தது. பந்தயம் முடிந்த மறுநாள் செய்தித்தாளை நினைவில் வைத்திருப்பவர் 'ஸ்னோ பிரைடு ஓக்ஸ் வெல்லவே இல்லை' என்று அடித்துச் சொல்வார். அதனால்தான் முடிவுகளுக்கு ஒருவர், விதிகளுக்கு ஒருவர் என்று பிரித்து உட்கார வேண்டும் என்கிறேன். இன்னும் ஒரு எச்சரிக்கை: டெர்பியின் சாதனை நேரம் லம்தாராவோடு நின்றுவிடவில்லை. 2010-இல் வொர்க்ஃபோர்ஸ் அதை 2 நிமிடம் 31.33 வினாடியாகக் குறைத்தது.

இந்தியத் தொடர்புள்ள கேள்விகளும் வரும். 1934 டெர்பியை வென்ற விண்ட்சர் லாட் ராஜ்பிப்லா மகாராஜாவின் குதிரை. 1947-இல் இங்கிலாந்தின் செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்ற சயாஜிராவ் பரோடா மகாராஜாவுடையது. சயாஜிராவ், 1945-இல் நியூமார்க்கெட்டில் ஓடிய கடைசி டெர்பியை வென்ற தான்டேயின் உடன்பிறப்பு.

விடை அறிவித்த பிறகும் விவாதம் எழும். அப்போது குரலை உயர்த்திப் பயனில்லை. பந்தயம், ஆண்டு, தீர்ப்பளித்த அமைப்பு மூன்றையும் எழுதிக் கொடுங்கள். அமெரிக்காவின் 1973 பிரீக்னஸ் பந்தயத்தில் செக்ரட்டேரியட் என்ற குதிரையின் நேரம் கடிகாரக் கோளாறால் பல ஆண்டுகள் 1 நிமிடம் 54 2/5 வினாடி என்றே பதிவில் இருந்தது. மேரிலாந்து பந்தய ஆணையம் 2012-இல் அதை 1 நிமிடம் 53 வினாடி என்று திருத்தியது. 2012-க்கு முன் அச்சான புத்தகத்தை வைத்துக் கேள்வி தயாரித்தவர் உங்கள் சரியான விடைக்குத் தவறு போட்டுவிடலாம். ஆணையத்தின் பெயரையும் அந்த ஆண்டையும் சொன்னால் மதிப்பெண் உங்களுக்குத் திரும்பி வரும்.

வணக்கம்.