நெல்மில் பில்லும் ஜி.பி.எல். உரிமமும்

நேயர்களுக்கு வணக்கம்.

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவின் ஊர்களில் இருந்தபடியே மென்பொருள் எழுதி விற்கும் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் இலவச நிரல்களின் உரிம நிபந்தனைகளைப் பற்றி அவர்களோடு பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு நெல்மில்லுக்கு பில் போடும் மென்பொருள் என்று வையுங்கள். திரையில் தெரியும் பட்டன்களும் கட்டங்களும் க்யூட்டி என்ற லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த, நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு, தருவது. கணக்கைச் சேமித்து வைப்பது எஸ்.க்யூ.லைட். கொம்பும் காலும் இடம் மாறாமல் தமிழ் எழுத்தை அடுக்கித் தருவது ஹார்ஃப்பஸ். பழைய பில்லின் பி.டி.எஃப். கோப்பைத் திறந்து காட்டுவது பாப்ளர். நாலும் காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் உரிமம் நாலுக்கும் நாலு விதம்.

எஸ்.க்யூ.லைட் பொதுச்சொத்து, யாரையும் கேட்க வேண்டாம். ஹார்ஃப்பஸ் எம்.ஐ.டி. என்ற தளர்வான உரிம வகை; அதன் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே கொடுத்தால் போதும். கவனம் வேண்டியது மற்ற இரண்டில்தான்.

க்யூட்டியின் பெரும்பகுதியைப் பணம் கட்டாமல் எல்.ஜி.பி.எல். உரிமத்தில், அதாவது ஜி.பி.எல். உரிமத்தின் சற்றுத் தளர்ந்த வடிவத்தில், எடுத்துக்கொள்ளலாம். உங்கள் சொந்த நிரலை நீங்கள் மூடியே வைத்திருக்கலாம். ஆனால் மில்காரர் அந்த லைப்ரரியை மாற்றி, மாற்றிய லைப்ரரியோடு உங்கள் மென்பொருளை ஓட்டிப் பார்க்க நினைத்தால் வழி இருக்க வேண்டும். லைப்ரரி தனிக் கோப்பாக, டி.எல்.எல். ஆக இருந்தால் இது எளிது. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிவிட்டீர்கள் என்றால், அவர் திரும்ப இணைத்துக்கொள்வதற்கு வேண்டிய ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது (இணைப்பதற்கு முன் கணினி மொழிக்கு மாற்றிய துண்டுகள்) தர வேண்டும். லைப்ரரியின் மூலநிரலும், அதாவது மனிதர் எழுதித் திருத்தும் வடிவில் உள்ள நிரலும், அவருக்குக் கிடைக்க வேண்டும்.

பாப்ளர் இருப்பது ஜி.பி.எல். உரிமத்தில்; வாங்குபவருக்கு மூலநிரலும், அதை மாற்றிப் பிறருக்குக் கொடுக்கும் உரிமையும் போக வேண்டும் என்பது அதன் சாரம். ஜி.பி.எல். லைப்ரரியை இணைத்து ஒரே நிரலாக ஓடவிட்டால், எப்படி இணைத்தாலும் மொத்த நிரலும் ஜி.பி.எல்.லில்தான் போக வேண்டும் என்பது அந்த உரிமத்தை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. தனிக் கோப்பாக இணைத்தால் அப்படி இல்லை என்று வாதிடும் வழக்கறிஞர்களும் உண்டு. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் காக்கிறது. இணைப்பு முறைகளைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. வழக்கறிஞர்களின் அந்த வாதத்தை நம்பி, கடன் வாங்கித் தொழில் தொடங்கிய பிள்ளை இறங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1992இல் புரூனோ ஹைபிள் என்ற நிரலாளர் சிலிஸ்ப் என்ற நிரலோடு ரீட்லைன் லைப்ரரியைச் சேர்த்திருந்தார். ரீட்லைன் ஜி.பி.எல். அறக்கட்டளையைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதைக் குறித்து அவருக்குக் கடிதம் எழுதினார். இருவருக்கும் நீண்ட வாதம் நடந்தது. கடைசியில் சிலிஸ்ப் முழுவதையுமே ஹைபிள் ஜி.பி.எல்.லில் வெளியிட்டார்.

இணைக்காமல், பாப்ளரின் கட்டளைக் கருவியைத் தனி நிரலாக ஓடவிட்டு அது தரும் விடையை மட்டும் வாங்கிக்கொண்டால்? அது பொதுவாக இரண்டு தனி நிரல்கள் என்றே அறக்கட்டளையும் சொல்கிறது. அப்போதும் பாப்ளரின் நகலை நீங்கள் கொடுப்பதால், அதன் மூலநிரலைத் தரும் கடமை உங்களுக்கு உண்டு.

ஜி.பி.எல். என்றால் விற்கக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். தாராளமாக விற்கலாம். ஊருக்கெல்லாம் நிரலைத் திறந்து காட்ட வேண்டும் என்பதும் சரியல்ல. யாருக்கு நிரலைக் கொடுக்கிறீர்களோ அவருக்கு மூலநிரல் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் அதைப் பிறருக்குக் கொடுப்பதை நீங்கள் தடுக்க முடியாது. சொந்தக் கடையில் நீங்கள் மட்டும் ஓட்டினால் எந்தக் கடமையும் இல்லை. ஆனால் ஒரு மில்லுக்கு இலவசமாகக் கொடுத்தாலும் அது விநியோகம்தான். "காசு வாங்கவில்லையே" என்பது இங்கே செல்லாது.

நம் பகுதிக்கு எழுதும் மென்பொருளை மனமுவந்து ஜி.பி.எல்.லிலேயே கொடுங்கள் என்றுதான் நான் கேட்பேன். எழுதிய பிள்ளை நாளைக்கு வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்விடுவான். வரி விகிதம் மாறும், பில் படிவம் மாறும். மூலநிரல் மில்காரர் கையில் இருந்தால் திருவாரூரிலோ நாகையிலோ வேறொருவர் உட்கார்ந்து திருத்திக்கொடுப்பார். இல்லையென்றால் மில்காரர் வேறு மென்பொருள் வாங்கி எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியதுதான்.

மூடித்தான் விற்க வேண்டும் என்றால் பாப்ளரை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும், தளர்வான உரிமம் கொண்ட பி.டி.எஃபியத்தைப் போடுங்கள். க்யூட்டியைத் தனி டி.எல்.எல். ஆக விடுங்கள். உரிம வாசகங்களை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து, நிறுவும்போதே மில்காரரின் கணினியில் வைத்துவிடுங்கள். இதை விலை பேசுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கொடுத்த பிறகு லைப்ரரியை மாற்றுவது பாதி மென்பொருளைத் திரும்ப எழுதுகிற வேலை.

நன்றி, வணக்கம்.